கரிக்கப்பலில் கேட்ட பதில்

நேற்று மழை விட்டதும் பக்கத்துச் செங்கல் சூளையில் ஒரு லாரி நிலக்கரி கொட்டினார்கள். நனைந்த கரியின் வாடை வீட்டுக்குள் வந்தது. காபியை வைத்துவிட்டு எழுந்துபோய் இரும்பு கேட்டை மூன்று முறை தட்டினேன். தட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. "யாரு வந்திருக்காக?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

தேனிக்காரனுக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தேர்வு எழுதினேன், துறைமுகத்தில் போட்டார்கள். கல்கத்தா பக்கம் ஏற்றிய நிலக்கரியைக் கரையோரமாகவே கொண்டுவந்து தெற்கே அனல்மின் நிலையங்களுக்கு இறக்கும் கிழட்டுக் கப்பல்கள். பாதித் துரு, பாதி பெயின்ட். நான் பாதுகாப்பு அதிகாரி. அதாவது, எல்லாரும் செய்வதை வேண்டாம் என்று சொல்லச் சம்பளம் வாங்கியவன்.

கரி, மூடிய இடத்துக் காற்றிலிருந்து பிராணவாயுவை மெல்லக் குடித்துவிடும். காற்று கெட்டதற்கு வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்கியவன் அப்படியே சரிந்துவிடுவான். அதனால் ஒரு வழக்கம்: மேலே நிற்பவன் இரும்பில் மூன்று தட்டுத் தட்டினால், உள்ளே இருப்பவனும் மூன்று தட்ட வேண்டும்.

ஒரு மத்தியானம், மயிலாடும்பாறைப் பாண்டி சோதனைக்குக் கொஞ்சம் கரி எடுக்க, கிடங்குக்குள் போகும் ஏணிக்கூண்டில் இறங்கினான். கிடங்கின் பெரிய மூடி திறந்து கிடந்ததால் காற்று இருக்கும் என்று நினைத்துவிட்டான். ஏணிக்கூண்டு தனிப் பெட்டி. அங்கே எந்தக் காற்றும் போகாது. நான் போனபோது கூண்டின் வாயில் அவன் மச்சினன் முருகேசன் நின்றான்.

"பதில் வருதா?"

"வருதே சார்." தட்டிக் காட்டினான். கீழிருந்து மூன்று தட்டு, தெளிவாக.

"பேர் சொல்லிக் கூப்பிடு."

"பாண்டி மச்சான்! மேல வாங்க!"

குரல் வரவில்லை. நான் தட்டினேன். உடனே பதில் வந்தது.

"வாயத் தெறக்க மாட்டேங்குறாக, கை மட்டும் வேலை செய்யுது. கொழுப்பு சார்" என்று சிரித்தபடி முருகேசன் ஏணியில் கால் வைத்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். காற்றை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கண்ணுக்கெட்டும் ஆழத்திலேயே முள் சரிந்து விழுந்தது.

"விடுங்க சார்! எங்கக்கா தாலி சார் அங்கன கெடக்கு!"

இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். சுவாச முகமூடி போட்ட ஆட்கள் வரும்வரை காலால் இரும்பை உதைத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் கீழிருந்து பதில் வந்தது. "இருக்காக சார், இருக்காக!" என்று அழுதான்.

பாண்டியைத் தூக்கிவந்தார்கள். ஏணியின் முதல் மேடையிலேயே இருட்டில் சரிந்து, கைகள் உடம்புக்கடியில் கிடந்தனவாம். பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"எறங்குன ஒடனே கண்ணக் கட்டிருச்சு சார். நான் எங்க தட்டுனேன்?"

வெயிலில் இரும்பு விரிந்த சத்தம் என்று சொன்னேன். மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். நாம் தட்டினால் மட்டும் இரும்பு ஏன் விரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கப்பல்களை உடைத்து எடைக்குப் போட்டாகிவிட்டது. இப்போது பெல்ட் கரியை இழுக்கிறது, காற்று கெட்டால் கருவி விசில் அடிக்கிறது. யாரும் தட்ட வேண்டியதில்லை. கெங்குவார்பட்டியில் குடியேறிய பாண்டி, என் வீட்டுக்கு வந்தால் கேட்டை மூன்று தட்டுத் தட்டி, "நாந்தேன் சார்!" என்று கத்தாமல் உள்ளே வரமாட்டான். போன தையில் அவனும் கண்ணை மூடிவிட்டான்.

நேற்று கேட்டில் கை வைத்தபடி பதிலுக்குக் காது கொடுத்தேன். பதில் வந்திருந்தால், முறைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.