பக்கத்து வீட்டுக் குஞ்சுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடைக்கோழியை இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. உப்பு, மண்வெட்டி மாதிரிதான் அதுவும். போன வருடம் நான் இல்லை என்று சொன்னேன். அதற்காக இன்றுவரை என்னை யாரும் மன்னிக்கவில்லை. நானும் அவர்களை மன்னிக்கவில்லை.

என் கோழி அப்போதுதான் ஆறு குஞ்சு பொரித்திருந்தது. மகளுக்கு எடை போதாது, தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கடை முட்டை விற்கிற விலைக்கு அது நடக்கிற காரியமா? இந்தக் கோழியையும் குஞ்சுகளையும்தான் நம்பியிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா லுணுகலை டவுனுக்குப் போய் அட்டைப்பெட்டியில் பத்துக் குஞ்சு வாங்கி வந்தார். "தங்கச்சி, ஒன் கோழிகிட்ட விட்ருவோம். அதுக்கு எண்ணவா தெரியப்போகுது?" என்று சிரித்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு குஞ்சுகள் கண்ணை மூடித் தூங்கி வழிந்தன. இன்னொன்றின் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வேணாங்க்கா. ரெண்டு கிழமை தனியா வச்சுப் பாப்போம்."

"ரெண்டு கிழமை கழிச்சு விட்டா கோழி கொத்தித் தள்ளிருமே!"

அது உண்மைதான். பிறந்த சூட்டோடு இறக்கைக்கு அடியில் விட்டால்தான் கோழி சேர்த்துக்கொள்ளும். அதற்காக நோயையும் சேர்த்து விடுவதா? பெட்டியிலேயே பல்பு போட்டு வளர்க்கச் சொன்னேன். அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கடைக்கும் போய் வீடு திரும்புவதற்குள், மாமியார் தானே அக்காவைக் கூப்பிட்டுப் பத்தையும் என் கோழியிடம் விடச் சொல்லியிருக்கிறார்.

"கேட்டு வந்தவள இல்லன்னு அனுப்புனா, நாளைக்கு அவ மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடனே பத்தையும் பிரித்தெடுத்தேன். என்ன பிரயோசனம்? ஒரே சிரட்டைத் தண்ணீரில் பதினாறும் வாய் வைத்தாயிற்று.

நான்காம் நாள் குஞ்சுகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. அவருடைய பத்தும் போயின, என் ஆறும் போயின, கடைசியில் கோழியும் போனது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது நான்தான்.

கழிச்சல் நோய் என்று நான் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொன்னார்: "மனசாரக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வயிறெரிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா குஞ்சு தங்குமா?" மாமியார் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நோயைப் பெட்டியில் கொண்டுவந்தவர் நல்லவர், கூட்டைத் திறந்துவிட்டவர் நல்லவர், வேண்டாம் என்று சொன்ன என் மனசுதான் பதினேழு உயிரையும் கொன்றதாம்! என்ன நியாயம் இது?

அன்று மாலை மகள் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, நீ மனசாரக் குடுக்கலயா?"

"நான் குடுக்கவே இல்லடி," என்றேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.