இரட்டை உடம்பு ஏரோப்ளேன்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு அடுப்பில் கிளறும்போது ஒரு வாசனை வரும். பாதி பசியைக் கிளப்பும், பாதி குமட்டும். ஸ்ரீவராகத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு நவராத்திரி முழுக்க அந்த வாசனைதான். சுண்டல் தாளித்த வாசனையும் ஊதுவத்தி வாசனையும் கூடவே இருந்திருக்கத்தான் வேண்டும், ஆனாலும் என் மூக்கில் தங்கியிருப்பது பசைதான்.

குவைத்தில் சண்டை மூண்ட வருஷம் அது. அப்பா அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளோடு அவர் கடிதமும் நின்றது. பிறகு ஊர் திரும்பிய யாரோ ஒருவர், அப்பா பாலைவனம் தாண்டி அம்மான் என்ற ஊர்ப் பக்கம் கூடாரத்தில் இருக்கிறார், பம்பாய்க்கு ப்ளேன் கிடைக்கக் காத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா தினமும் விடியற்காலையில் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போய் நிர்மால்யம் என்கிற முதல் தரிசனம் தொழுதுவிட்டு வருவாள். வந்ததும் அடுப்பை மூட்டுவாள். இந்த நிலைமையில் கொலு எதற்கு என்று அவள் தயங்கியபோது, எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "வழக்கத்தை நிறுத்தப்படாது, ராஜம். நிறுத்தினாத்தான் மனசு கெட்டதையெல்லாம் நெனைக்கும்" என்று சொல்லி, தானே பலகைகளை அடுக்கிப் படி கட்டினாள்.

என் மாமா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தார். அங்கே பொதிகளுக்குள் திணித்து வரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களையும் அட்டைகளையும் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அந்தத் தாள்களில் ஒரு கட்டு முழுக்க உலக யுத்தத்து விமானப் படங்கள். வயிற்றைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி, உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், குண்டு எங்கே தொங்குகிறது என்று எல்லாம் தெரியும்படி வரைந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் படித்த என் அண்ணா சந்துரு அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள், "குண்டையெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டா இந்த வயித்துல எவ்ளோ பேர் உக்காரலாம் பாரு" என்றான். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

கூடாரத்தில் காத்திருக்கிறவர்கள் ஏராளம், ப்ளேன் போதவில்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஆகவே அண்ணா காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு குண்டு விமானத்துக்கு இரண்டு உடம்பு வைத்து வரைந்தான். இரண்டு உடம்பையும் இணைத்து இரு பக்கமும் வெளியே நீளும் ஒரே சிறகு, ஓட்டுகிறவர் இடது உடம்பில், சமையல் வலது உடம்பில். ஓட்டுகிறவருக்குக் காப்பி யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று நான் கேட்டதால் சிறகுக்குள்ளே தவழ்ந்து போக ஒரு வழி வைத்தான். இன்னொன்றில் ஒரு உடம்பு நீளம், மற்றது குட்டை. இன்னொன்றில் எஞ்சின் எல்லாம் ஒரே பக்கம், ஜன்னல் எல்லாம் மறுபக்கம். இப்படி எத்தனையோ. உலகத்தில் எங்கும் இல்லாத அந்த யுத்த விமானங்கள் எங்கள் கூடம் முழுக்கப் பரந்து கிடந்தன, நாங்கள் விளையாடவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இரட்டை உடம்பு விமானத்தை அட்டையில் வெட்டி ஒட்ட ஆரம்பித்தோம். அம்மா பசைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை ப்ளேன் விட்டு என்ன, எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு அவர் கீழே நிப்பார்" என்றாள். அத்தை சிரித்துக்கொண்டே, "கல்யாணத்துல கடைசிப் பந்தியிலதான் அவன் உக்காருவான். அவனோட கல்யாணத்துலயும் அப்படித்தான்" என்றாள். இருவரும் சிரித்தார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அம்மா சொன்னது உண்மை. பஸ்ஸிலோ கோயில் வரிசையிலோ அப்பா இடம் விட்டுக் கொடுக்காமல் நான் பார்த்ததே இல்லை. அதனால் வலது சிறகின் நுனியில் ஒரு காலித் தீப்பெட்டியை ஒட்டி, "அப்பா மட்டும்" என்று எழுதினேன். ஒரே ஒரு ஆள் உட்காரும் அறை. விட்டுக் கொடுக்க முடியாத இடம். அப்பாவின் பழைய சட்டைப் பித்தான் ஒன்றை உள்ளே உட்கார வைத்து மூடினேன்.

துர்க்காஷ்டமி அன்று மத்தியானம் அதைக் கொலுவுக்கு மேலே கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். வலது பக்கம் சட்டென்று சாய்ந்தது. "இப்படிப் பறந்தா அப்பா பக்கம்தான் முதல்ல தரையில இடிக்கும்" என்றான் அண்ணா. மறுபக்கம் ஒரு மரத்துண்டைச் செதுக்கி எஞ்சினாக ஒட்டிவிடலாம், சரியாகிவிடும் என்றும் சொன்னான். கத்தியை எடுப்பதற்குள் "பூஜைவைப்பு" நேரம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகம், பென்சில், கத்தி, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எழுதவோ, வரையவோ, வெட்டவோ ஒட்டவோ கூடாது. பசைக் கிண்ணத்தைக்கூட அத்தை கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

விளக்கேற்றி முடிப்பதற்குள் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்று, "ராஜம், போன் உண்டு. பம்பாயில் நின்னு" என்று மலையாளத்தில் சொன்னார். பம்பாயிலிருந்து போன். தெருவில் அவர்கள் வீட்டில்தான் போன். அம்மா ஈரக்கையோடு ஓடினாள். திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தாள். பேசினது அப்பா இல்லை, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர். அவருக்குக் கடும் காய்ச்சலாம். அப்பா தனக்குக் கிடைத்த இடத்தில் அவரை ஏற்றிவிட்டாராம். நாளைக்கு இன்னொரு ப்ளேன் இருக்கிறது, நிச்சயம் வந்துவிடுவார் என்று போனிலேயே அழுதாராம். "நான் சொன்னேனோல்லியோ" என்றாள் அம்மா.

மறுநாள் நவமி. அப்பா ஆகாயத்தில் இருக்கப்போகிற நாள், விமானமோ சாய்ந்து தொங்குகிறது, கத்தியும் மரத்துண்டும் சரஸ்வதி முன்னால் மூடிய பட்டுத் துணிக்கு அடியில். நான் கொலுவை விட்டு நகரவில்லை. சரஸ்வதியிடம் வேண்டிக்கொள்வதா, பத்மநாபனிடமா என்று தெரியாமல் இருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை நிமிர்ந்து பார்த்து, "ராஜம், ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கறது, நன்னால்லை. கை போன பொம்மையைக் கொலுவுல வைப்பமோ? இறக்கச் சொல்லு" என்றாள்.

"இறக்கினா அப்பா எதுல வருவார்?" என்று கேட்டுவிட்டு நான் அழுதேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து விமானத்தின் கீழே நின்றாள். "அப்பா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காட்டினேன். தீப்பெட்டியில் நான் எழுதியிருந்ததை வாசித்தாள். பிறகு தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து நூல் சுற்றினாள்.

"பூஜை வெச்சாச்சு. இனி ஒரு வேலையும் பண்ணப்படாது" என்றாள் அத்தை.

"மஞ்சள் வைக்கறது வேலையா, அக்கா?"

இடது சிறகின் நுனியில் அதைக் கட்டிவிட்டுக் கையை எடுத்தாள். விமானம் இப்போது இடப்பக்கம் புரண்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பதறவில்லை, நூலை விரல் நுனியால் உள்ளே தள்ளினாள், பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ஆடி ஆடி, தராசு முள் நிற்கிற மாதிரி அது நேராக நின்றது. "அந்தப் பக்கமும் ஒரு ஆள் வேணுமோல்லியோ" என்றாள், யாரிடமும் இல்லாமல். அத்தை கற்பூரம் ஏற்றி, அம்பாளுக்குக் காட்டிவிட்டு விமானத்துக்கும் காட்டினாள்.

அன்று போன் வரவில்லை. விஜயதசமி காலையில் தாம்பாளத்து அரிசியில் "ஹரி ஸ்ரீ" எழுதும்போது என் கண் வாசல் பக்கமே இருந்ததால் எழுத்துக் கோணியது. பொம்மைகளைப் படுக்க வைத்துப் பெட்டியில் கட்டினோம். விமானத்தை மட்டும் அம்மா இறக்க விடவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் அது தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டில் எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி வேலை பார்க்கும்.

பகவான் கைவிடவில்லை. ஒரு பிற்பகல், தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்டோவில், தாடியும் ஒரு துணிப்பையுமாக அப்பா இறங்கினார். நவமியன்றும் அவர் ஏறவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இடத்தைக் கொடுத்திருக்கிறார். அதற்கடுத்த முறை கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துத் தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்து, அண்ணா சொன்ன கதையெல்லாம் கேட்டு, தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "இதுல தனியா உக்காந்து யாரோட பேசிண்டு வரது?" என்றார். அப்போதுதான் மறுசிறகு நுனிக்கும் உடம்புக்கும் நடுவில் தொங்கிய மஞ்சள் அவர் கண்ணில் பட்டது. என்ன என்று அத்தை சொன்னாள். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா காப்பி வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா வெளிநாடு போகவில்லை. அட்டை பிய்ந்த இடத்தில் வேறு அட்டை ஒட்டி, வருஷா வருஷம் அந்த விமானம் கொலுவுக்கு மேலே தொங்கியது. அத்தை போனாள். பல வருஷங்களுக்குப் பின் அப்பாவும் போனார். அந்த வருஷம் கொலு இல்லை. அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்து விமானத்தை எடுத்தபோது இடது சிறகில் நூல் சுருக்கு மட்டும் இருந்தது, மஞ்சள் இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அப்படியே தொங்கவிட்டேன்.

இப்போது அம்மாவும் இல்லை. ஸ்ரீவராகத்து வீடு இருந்த இடத்தில் ஃப்ளாட் எழும்பிவிட்டது. பசை ட்யூபில் வருகிறது, அதற்கு ஒரு வாசனையும் கிடையாது. போன நவராத்திரியில் என் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது சரிஞ்சல்லே நிக்கறது? அந்தப் பக்கம் ஒரு ரூபாத் துட்டு ஒட்டட்டுமா?" என்றாள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். மின்விசிறிக் காற்றில் அது மெல்லச் சுற்றும். சுற்றி எந்தத் திக்கில் நின்றாலும் அப்பா பக்கம்தான் தாழ்ந்திருக்கிறது.