தம்பி காத்திருக்கச் சொன்ன சிப்

கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் அதியமான்கோட்டையில் என் பிழைப்பு. கம்ப்யூட்டரோ அரதப் பழசு. அது ஒரு கல்யாணத்தை முடிப்பதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும். எங்கள் பக்கம் ஆடிக்குப் பெண் தாய்வீடு வரும்போது சொந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து வீடியோ பார்க்க வேண்டும். அதற்குள் கொடுக்காவிட்டால் அடுத்த கல்யாணம் நமக்கு வராது.

புதிதாக வாங்கக் கிளம்பியவளைத் தடுத்தவன் என் தம்பி. பெங்களூரில் சிப் செய்யும் கம்பெனியிலேயே இன்ஜினியர்.

"இப்ப வாங்காதக்கா. எங்க புது சிப் வருது. இன்னும் சின்னது, ரெண்டு மடங்கு வேகம்."

வேறு கம்பெனி சிப் போட்டதை வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"தம்பி செய்யறத வுட்டுட்டு அடுத்தவங்கிட்ட போவியா?"

உருகிப்போய்விட்டேன்.

பொங்கலுக்கு வரும் என்றான், பிறகு தீபாவளிக்கு என்றான். அவ்வளவு சின்னதாகச் செய்யும்போது நிறைய வீணாகிறதாம், சரிசெய்கிறார்களாம். கம்ப்யூட்டர் கடைக்காரர் அந்தக் கம்பெனியைக் கிண்டல் செய்தபோது அவரோடு சண்டைக்குப் போனவளும் நான்தான். இரண்டாவது ஆடியும் தவறியதும் மண்டபத்துக்காரர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஊரில் கல்யாணம் எல்லாம் அவர் வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது.

தம்பியின் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போனேன். மாடி அறையில் அவன் கம்ப்யூட்டர். அதில் போட்டிக் கம்பெனி சிப்பின் ஸ்டிக்கர். எப்போது வாங்கியது என்று அவன் மனைவியிடம் கேட்டேன்.

"ரெண்டு வருஷமாச்சுங்க அண்ணி. எங்க கம்பெனிது வர நாளாவும்னு அவரேதான் இத வாங்கியாந்தாரு."

அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"தள்ளிப்போவும்னு தெரியும்க்கா. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

கம்பெனி ரகசியத்தை யார் கேட்டார்கள்? நீயும் வேறு வாங்கிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சொல்லாததுகூடப் பரவாயில்லை, தம்பி என்ற சொல்லைக் காட்டியல்லவா என்னைக் கட்டிப்போட்டான். கூடப்பிறந்தவன் செய்தாலும் துரோகம் துரோகம்தான். அன்று சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

புது சிப் ஒருவழியாக வந்தது. அவனே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நல்ல வேகம்டா. எடிட் பண்ணத்தான் ஒரு கல்யாணமும் இல்ல" என்றேன்.

அவன்தான் போனை வைத்தான்.