ராசிங்காபுரத்தில் நின்ற புள்ளி

நான் சைக்கிளில் போகும் தூரத்தைக் கணக்கெடுக்கும் செயலியை என் கைபேசியில் ஏற்றிவைத்தவள் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள். பாசத்தால் செய்ததாக அவள் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அதற்குக் காரணம், போன வருடம் முந்தல் சாலையில் நான் விழுந்தது. விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சர்க்கரை இறங்கித் தலை சுற்றியது, புளியமரத்தடியில் உட்கார்ந்தேன், சைக்கிள்தான் விழுந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று மலைக்குப் போனது. உள்ளே பெண்கள் பதினோரு பேர். தலை சுற்றினாலும் எண்ணினேன். சாயங்காலம் அவர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு விதமாகச் சொன்னதில், விளக்கு வைப்பதற்குள் நான் ரோட்டோரம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனாகிவிட்டேன்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"எழுபத்தோரு வயசுல என்ன சைக்கிள் வேண்டிக்கெடக்கு?" என்றாள் என் மனைவி. "பொட்டிபுரத்துல எந் தம்பி தோட்டத்துக்குப் போக வர வண்டியில்லாம நடக்கிறான். அவங்கிட்டக் குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்."

மகள்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தாள். நான் எங்கே போகிறேன் என்பது அம்மாவின் கைபேசியிலும் அவள் கைபேசியிலும் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். நிபந்தனைகள் மூன்று. அடிவாரத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டி மலை ஏறக்கூடாது. பையில் பிஸ்கட் இருக்க வேண்டும். புள்ளி எங்காவது பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், நானே வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சைக்கிள் பொட்டிபுரம் போய்விடும். நான் ஒப்புக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவனுக்குப் பத்து நிமிடம் என்றால் என்னவென்று பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயலி வந்த பிறகு எனக்குக் கொண்டாட்டம்தான், கூடவே சண்டையும். ஒன்பது என்று கல்லில் எழுதியிருக்கும் இடத்தில் அது எட்டு புள்ளி ஒன்பது நான்கு என்று காட்டியது. கல் நட்டவர் தப்பா, செயலி தப்பா என்று இரண்டு வாரம் தூக்கம் கெட்டது. முந்தலுக்குப் போகிற வழியில் பாலங்களை எண்ணினேன், வலது கால் மிதியை எண்ணினேன், இரண்டையும் நோட்டில் எழுதி ஒப்பிட்டேன். சராசரி வேகம் பதின்மூன்றைத் தொட்ட நாளில் தெருவில் நான்கு பேரிடம் சொன்னேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

ஒவ்வொரு கிலோமீட்டர் முடிந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும். அடிவாரத்தில் ஆள் ஏற்ற நின்ற ஜீப்பின் பக்கத்தில் ஒருநாள் அது பேசிவிட்டது.

"அப்பு, பைக்குள்ள யார ஒளிச்சுவச்சுக் கூட்டிப் போறீக? ஆத்தாளுக்குத் தெரியுமா?" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஆத்தா வாங்கிக் குடுத்த ஆளுதான்" என்றேன். ஜீப் மலையேறி முதல் வளைவில் மறையும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

என் மனைவி கைபேசியைத் தோசைமாவுப் பாத்திரத்தின் மேல் சாய்த்துவைத்துப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சமைப்பாள். போகப்போக அவளுக்கும் அது பழகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும், "கண்மாய்க்கரையில ஏன் ஊந்துக்கிட்டுப் போனீக? எதுத்த காத்தா?" என்பாள். இருந்தாலும் புள்ளி கொஞ்சம் நின்றால் போதும், அவள் கை கரண்டியை விட்டுவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் முந்தல் சாலை மூணாறுக்குப் போகிறவர்களின் கார்களால் நிறைந்துவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் சிலமலைப் பக்கம் போவேன். அந்த ஞாயிறும் அப்படித்தான். ஏழு கிலோமீட்டர் முடிந்து சிலமலை டீக்கடையில் காலை ஊன்றியதும் கடைக்காரர் சொன்னார்.

"அண்ணே, சேதி தெரியாதா? ராசிங்காபுரத்து டிரைவரு ராத்திரி தூக்கத்துலயே தவறிட்டாரு."

அந்த டிரைவருக்கு எண்பத்திரண்டு வயது; கொள்ளுப்பேரன் பார்த்தவர். அதிகாலையில் மலைக்குப் போகும் முதல் பஸ்சை இருபத்தாறு வருடம் ஓட்டினார். நான் சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் பஸ் நகர்ந்திருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்த நாட்களைத் தவிர, நான் எழுதியதற்கு ஒரு நிமிடம் பிந்தி அவர் கிளம்பியதில்லை. பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. இன்னும் நாலேகால் கிலோமீட்டர்தானே என்று மிதித்தேன்.

எட்டு ஐந்துக்கு அந்த வீட்டில் இருந்தேன். கைபேசியில் ஏழு சதவீதம்தான் மிச்சம். செயலி மின்சாரத்தை அப்படிக் குடிக்கும். வாசல் ஜன்னலோரம் ஒரு பிளக் இருந்தது. கைபேசியை அதில் மாட்டி ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஒன்பதாவது நிமிடம் வீட்டுக்குப் பேசிவிடலாம் என்று கணக்கு. வழியில் வாங்கிய மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தேன். பழைய கண்டக்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருமுறை பஸ் கொண்டைஊசி வளைவில் நின்றுவிட, பயணிகளை இறக்கி ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து டிரைவர் எல்லோருக்கும் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்த கதையை ஒருவர் சொன்னார். கொட்டுச் சத்தத்துக்கு மேலே எழும்பி நாங்கள் சிரித்தோம். கல்யாணச் சாவில் அது தப்பில்லை. ஒன்பதாவது நிமிடம் எப்போது வந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. வாழ்நாளில் நான் தவறவிட்ட நிமிடங்கள் மிகச் சில. அது அவற்றில் ஒன்று.

எட்டரைக்கு மாத்திரை நினைவுக்கு வந்தது. ஒன்பதரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாவு விழுந்த துட்டி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க முடியாது. எழுந்தேன். எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, யாரும் வழியனுப்பவும் மாட்டார்கள், திரும்பிப் பார்க்கவும் கூடாது. முறைப்படி யாரிடமும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் கிலோமீட்டர் கல்லைத் தாண்டினேன். பைக்குள் குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். வரவில்லை. பிறகுதான் ஜன்னல் கட்டை ஞாபகம் வந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் துட்டி கேட்டுவிட்டு வந்தவன் அன்றைக்கே மறுபடி அந்த வாசலை மிதித்தால் அடுத்த சாவையும் அழைத்து வருவான் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பந்தலில் எழுபதைத் தாண்டியவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நான் மறுபடி நுழைந்தால் ஆறு பேரும் ஒன்றாக என்னைத்தான் பார்ப்பார்கள். சிலமலைக்கே மிதித்தேன்.

டீக்கடைக்காரர் தன் போனை எடுத்தார். துட்டித் தீட்டு என்பதால் என் கையில் கொடுக்கவில்லை. "நம்பரச் சொல்லுங்கண்ணே, நான் போடுறேன்."

முப்பத்திரண்டு வருடம் அந்த நிலையத்துக்கு வந்துபோன பஸ்களின் நம்பரை இன்றைக்கும் சொல்வேன். என் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது. அது கைபேசிக்குள் இருந்தது. என் சொந்த நம்பரைச் சொன்னேன், துட்டி வீட்டில் யாராவது எடுக்கட்டும் என்று. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. என் போனில் யார், யாருடன் பேசுகிறார்கள்?

பேசிக்கொண்டிருந்தது என் மனைவி. பத்து நிமிடம் தாண்டியதிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆறாவது முறை வீட்டுப் பெண் ஒருத்தி கவனித்து எடுத்து "அலோ" என்றிருக்கிறாள். அந்த நொடியில் தேவாரத்திலிருந்து உறவுப் பெண்கள் வேனில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவள் போனை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவர்களைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். என் மனைவிக்குக் கேட்டது, என் போனில் ஒரு பெண்ணின் "அலோ", பிறகு ஒரு ஊரே கூடி அழும் ஒப்பாரி. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே தெருமுனை ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

டீக்கடையை விட்டு நான் நகரும்போது அந்த ஆட்டோ எதிரே வந்து நின்றது. அவள் இறங்கினாள். போன் இன்னமும் காதுக்கும் தோளுக்கும் நடுவே. முகம் அழுது வீங்கியிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். கட்டிக்கொள்ளவா அடிக்கவா என்று நாற்பத்தாறு வருடத்தில் எனக்கு முன்கூட்டித் தெரிந்ததில்லை. ஒரு முழம் இருக்கும்போது என் தோளில் ஒட்டியிருந்த மாலை இதழைப் பார்த்துவிட்டாள்.

"யாரு வீட்டுத் துட்டி?"

சொன்னேன்.

நீட்டிய கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தொடமாட்டேன். குளிச்சிட்டு வாங்க, அப்பறம் வச்சுக்கிறேன்."

ஆட்டோக்காரரின் போனிலிருந்து என் மகளின் குரல் பதறியது. "அம்மா, அப்பா இன்னும் ராசிங்காபுரத்துலதாம்மா இருக்காரு. நகரவே இல்ல. வெரசாப் போங்கம்மா!"

"ஒங்கப்பன் எம்முன்னால நிக்கிறாருடி."

"இல்லம்மா, புள்ளி அங்கதான் இருக்கு."

"அந்தப் புள்ளிய நீயே வச்சுக் கும்பிடு!"

ஆட்டோக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அப்பு, வர்ற வழியில மாலைக் கடையக் கண்டதும் வண்டி தானாக் கொஞ்சம் மெதுவாச்சு. நல்லவேள, நிறுத்தல."

"வாயக் கழுவுப்பா" என்றாள் என் மனைவி. ஆனால் சிரித்துவிட்டாள். அழுகையும் அடங்கவில்லை.

ஆட்டோவில் ஏறச் சொன்னாள். தீட்டோடு அவள் பக்கத்தில் உட்கார முடியாது, சைக்கிளையும் போட்டுவிட்டு வர முடியாது. ஆகவே நான் மிதித்தேன், ஆட்டோ பின்னால் வந்தது. வீடு வரை ஏழு கிலோமீட்டரும் என் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தார் அவர். மந்திரி ஊர்வலம் மாதிரி இருந்தது. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிர்க்காற்று வேறு. என் முதுகில் இரண்டு கண்கள் ஊன்றியிருந்தது எனக்குத் தெரிந்தது.

கொல்லையில் குளித்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டேன். ஆட்டோக்காரர் மத்தியானம் கைபேசியை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். செயலி இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சும்மா கிடந்த போன், கூரைக்கடியில் சரியாகத் தடம் பிடிக்காமல், அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி இரண்டு புள்ளி மூன்று கிலோமீட்டர் நடந்ததாகக் கோடு கிறுக்கி வைத்திருந்தது. என் சராசரி வேகம் மூன்றுக்கும் கீழே. வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு இருந்தது. சைக்கிள் சாவி என் மனைவியின் இடுப்பில். நிபந்தனை உடைந்துவிட்டது, நான் வாதாடவில்லை. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமை பொட்டிபுரத்திலிருந்து மச்சினன் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை பூராவும் அவள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

"போனது பதினொன்னு புள்ளி ரெண்டு. அது இருக்கு. திரும்பி வந்த பதினொன்னு புள்ளி ரெண்டு கணக்குல வரல. நான் போகாத ரெண்டு புள்ளி மூணு சேந்திருக்கு. இத எப்பிடிச் சரி பண்றது?"

"கையால எழுதிச் சேத்துக்கலாம்ப்பா."

"கையால எழுதுனா அது பொய்க் கணக்கு. சாட்சி வேணும்ல?"

"யாருப்பா ஒங்கள்ட்ட சாட்சி கேட்டா?"

இருபது நிமிடம் இப்படியே போயிற்று. பக்கத்தில் சின்னவெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி திடீரென்று வாயைத் திறந்தாள்.

"ஏழுக்கு நான் சாட்சி."

நான் போனை இறக்கினேன்.

"சிலமலையிலருந்து வீடு வரைக்கும் பின்னாலயே வந்தேன்ல? இத்தன நாளும் புள்ளியத்தான் பாத்தேன். நீங்க மிதிச்சு அன்னைக்குத்தான் பாக்குறேன்." உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "எதுத்த காத்துல ஒரு எடத்துலகூடக் கால ஊனல. ஆட்டோக்காரனே சொன்னான், இளவட்டம் தோத்துருவான்னு."

"மிச்சம் நாலு புள்ளி ரெண்டு இருக்கே" என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்கவில்லை. "மொதல்ல எந் நம்பரச் சொல்லுங்க." அவள் சொல்லச் சொல்லப் பத்து எண்களையும் நான் மூன்று முறை ஒப்பித்தேன். பிறகுதான் சாவி கைக்கு வந்தது. "அந்த நாலையும் நாளைக்குப் போய் மிதிச்சிட்டு வாங்க. தம்பிக்கு நான் போன் பண்ணி, வரவேண்டாம்னு சொல்லிர்றேன்."

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பினேன். வழக்கமில்லாத வழக்கமாக அவள் வாசலுக்கு வந்து நின்றாள். தெருமுனையில் பால் வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். காலை ஊன்றாமல், கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஒடித்து, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு சமாளித்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் வண்டி விலகியது.