லூர்துராணி மேடம் சத்தம் போட்ட நாள்

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குப் போய்வருவது பெரிய பாடு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்று, பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போதே லூர்துராணி பாதி ஓய்ந்துபோயிருப்பார். நூலகத்தைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிட்ட பிறகுதான் முகம் தெளியும்.

அந்தத் தனியார் பள்ளியில் அவர்தான் நூலகர். மருத்துவர்களும் பேராசிரியர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் டேட்டாபேஸ் ஒன்றைப் பிள்ளைகளுக்காக வாங்கச் சொல்லி, பல வருடம் நிர்வாகத்தைக் கெஞ்சியிருக்கிறார். பக்கத்துப் பள்ளி வாங்கி விளம்பரம் செய்த பிறகுதான் இவர்களும் வாங்கினார்கள். வாங்கியதும் அட்மிஷன் நோட்டீஸில் படம் போட்டார்கள். பிள்ளைகளை மட்டும் அதன் பக்கம் விடவில்லை. சண்டை போட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பிரியட் வாங்கினார் லூர்துராணி.

"முதல்ல வர்றதையே சரின்னு எடுத்துக்காதீங்க," என்பார். "கத்தரிக்காய் வாங்கறப்ப புரட்டிப் பாக்கறோம்ல? யார் எழுதினாங்க, எந்த வருஷம் எழுதினாங்க, இதைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு புரட்டிப் பாருங்க."

அந்த வகுப்பில் இக்ரா அதிகம் பேசாத பெண். அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு கேட்டபோது, மார்பகப் புற்றுநோய் என்று மெல்லச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு அது திரும்ப வருமா என்று தேட வேண்டும் என்றாள். லூர்துராணியே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்தச் சொற்களைப் போட்டால் சரியான கட்டுரை கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்தார். புரியாத பக்கங்களை விட்டுவிட்டு மேலே இருக்கும் சுருக்கத்தை முதலில் படிக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒருநாள் ஆயாம்மா மூச்சிரைக்க வந்தார். "மேடம், அந்த இக்ரா பொண்ணு வைஸ் பிரின்சிபால் ரூம்ல அழுதுகிட்டு நிக்குது. அவங்க அத்தாவையும் வரவெச்சிருக்காங்க."

லூர்துராணி போனபோது, துணை முதல்வர் நவநீதன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிரே இக்ராவின் தகப்பனார் மீரான், திருவானைக்கோவிலில் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர், கையில் ஒரு காகிதத்துடன் நின்றிருந்தார். சட்டையில் கிரீஸ் கறை. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஆபாசச் சொற்களைக் கண்டுபிடிக்க வைத்திருந்த சாஃப்ட்வேர், இக்ரா தேடியதைப் பிடித்துக் கொடுத்திருந்தது. அந்தக் காகிதத்தில் இருந்தது அதுதான்.

"சார், அது என் பிரியட்ல தேடினது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார் லூர்துராணி.

"நீங்க இருங்க மேடம். அந்த வார்த்தையைப் பாருங்க. எனக்கு வாயால சொல்லவே கூசுது."

"பக்கத்துலயே கேன்சர்னு இன்னொரு வார்த்தை இருக்கே. அது கண்ணுக்குத் தெரியலையா?"

"டெங்கு இருக்கு, சர்க்கரை இருக்கு. பொம்பளப் புள்ள தேடற டாபிக்கா மேடம் இது?"

லூர்துராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருட வேலையில் பிள்ளைகளைக்கூட அதட்டாதவர், அன்று சத்தம் போட்டார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"மார்பகப் புற்றுநோய் சார்! மார்பகம்! அது கெட்ட வார்த்தை இல்ல, உடம்பு! இப்படிக் கூசிக் கூசித்தான் கட்டியை மறைச்சு வெச்சுகிட்டு எத்தனையோ பொம்பளைங்க செத்துப் போறாங்க. பொம்பளப் புள்ள தேடாம வேற யார் தேடறது?"

நவநீதன் எழுந்தார். அவர் பேசுவதற்குள் இக்ராவின் குரல் கேட்டது.

"அத்தா... அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொன்னீங்க. வயித்துல தையல் இல்ல அத்தா. நெஞ்சுலதான் இருந்துச்சு. நான் பார்த்துட்டேன். திரும்ப வருமான்னு யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியல."

மீரான் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு லூர்துராணி பக்கம் திரும்பினார்.

"அதுல என்ன போட்டிருக்கு டீச்சர்? திரும்ப வருமா?"

"எல்லாருக்கும் வராது பாய். ஆனா விடாம டாக்டர்கிட்டக் காட்டிக்கணும். அவங்களுக்கு எப்படின்னு அவங்க டாக்டர்தான் சொல்ல முடியும்."

"வரச் சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கேன்னு போகாம இருக்கா."

"போகணும் அத்தா," என்றாள் இக்ரா. "நான் படிச்ச எல்லாத்துலயும் அதைத்தான் போட்டிருக்காங்க."

மீரான் அவள் தலையில் கை வைத்தார். நவநீதன் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு எப்படித் தெரியும் பாய்? நல்லதுக்குத்தான் பண்ணினோம்."

"என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே சார்," என்றார் மீரான்.

மறுநாள் லூர்துராணிக்கு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் குரல் உயர்த்தினாராம். டேட்டாபேஸில் மருத்துவப் பகுதியைப் பிள்ளைகளுக்கு மூடிவிட்டார்கள். முதல்வர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "ஸாரின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுடும்," என்றார்.

"எழுதறேன் மேடம். முதல்ல நவநீதன் சார் அந்தப் பொண்ணுகிட்ட ஸாரி சொல்லட்டும்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"அப்ப நோட்டீஸ்ல போட்ட படத்தையும் எடுத்துடுங்க. கம்ப்யூட்டர் முன்னாடி பிள்ளைங்க சிரிச்சுகிட்டு உக்காந்திருக்காங்களே, அதைப் பார்த்துத்தானே பெத்தவங்க இங்க சேர்க்கறாங்க?"

மெமோ ஃபைலில் ஏறியது. மருத்துவப் பகுதியைத் திறக்க வைத்தவர் மீரான்தான். மனைவி ரஷீதாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வந்த கையோடு, நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு முதல்வர் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்தப் பகுதியைத் திறந்து, அந்த வார்த்தையை சாஃப்ட்வேரின் தடைப் பட்டியலிலிருந்தும் எடுக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார். இரண்டையும் செய்தார்கள்.

கண்காட்சியன்று இக்ராவுக்கு மாடிப்படிக்குக் கீழே, கடைசி மூலையில் மேசை போட்டிருந்தார் நவநீதன். அப்படியும் கூட்டம் அங்கேதான் நின்றது. வந்த அம்மாக்கள் முதலில் தூரத்திலிருந்து படித்தார்கள், பிறகு நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்கள். எந்தக் கட்டுரை, எந்த வருடம் என்று இக்ரா காட்டினாள். "நான் டாக்டர் இல்லங்க. படிச்சதைத்தான் சொல்றேன். கட்டி மாதிரி இருந்தா உடனே போய்க் காட்டிடுங்க," என்றாள். ரஷீதா ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆசிரியைகள் லூர்துராணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் கூனிக்குறுகி நின்ற பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பள்ளியில் எல்லோரும் அதை மறந்தேவிட்டார்கள் என்பது அவரை இன்னும் சுட்டது.

திங்கட்கிழமை வராந்தாவில் எதிர்ப்பட்ட நவநீதன், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மேடம்," என்றார்.

"முடியல சார்," என்றார் லூர்துராணி, அவர் முகத்தை நேராகப் பார்த்து. "அந்தப் பொண்ணு இன்னும் காத்துகிட்டுதான் இருக்கு."

பதிலுக்கு நிற்காமல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போய்விட்டார்.