உண்ணிப்புதரில் கிடந்த ஜீப்பு

என் தாய்மாமாவுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குச் செவ்வாய் தோஷம் என்று எங்கள் வீட்டில் காரணம் சொல்வார்கள். தோஷம் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. போடியில் அப்பாவுக்கு ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு இருந்துகொண்டு லாரிப் பட்டறையில் மெக்கானிக் வேலை பார்த்தார். பழுதான லாரியைப் பார்க்க மலைக்குப் போனவர், ஏலத்தோட்டம் ஒன்றின் ஓரத்தில், உண்ணிப்புதருக்குள், ராணுவம் எப்போதோ கழித்துவிட்ட ஜீப்பு ஒன்றைக் கண்டார். இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். கேட்டதற்குத் தோட்டத்து மலையாளிக் காவல்காரர், "கோழி எறங்கட்டே, பின்னெ கொண்டுபோய்க்கோ" என்றிருக்கிறார்.

பிரேக் இல்லாத வண்டி. பின்னால் வடம் கட்டி எட்டுப் பேர் இழுத்துப் பிடிக்க, மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வளைவு வளைவாக இரண்டு நாளில் இறக்கிக் கொண்டுவந்தார். கிட்டங்கி முற்றத்தில் அது வந்து நின்றபோது காற்று வடிகட்டிக்குள் எலிக்குஞ்சுகள் இருந்தன.

இறுகிப்போன எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் எஞ்சின் அசைகிறதா என்று முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார். முற்றத்தில் காய் பொறுக்கும் பெண்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"ஏப்பா, பொண்ணு தேடுற வயசுல இரும்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கியே?"

"இது ஓடுனாத்தான் பொண்ணே, ஆத்தா."

"அப்ப ஒனக்கு அடுத்த சென்மத்துலதான்!"

மாமா விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலே சின்னத் தோட்டமும் அதற்குள் தகரக்கூரை வீடும் வைத்திருந்த ஒருவருடைய மகளை அவர் விரும்பினார். பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனை வைத்திருந்தார். மாமா சொந்த வண்டியோடு மேலே வந்து குடியிருக்க வேண்டும். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டு முறை கெடு கேட்டு வாங்கியாகிவிட்டது. தேவாரத்தில் வேறு மாப்பிள்ளை தயாராக இருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா கீழே வருவார். அன்று வண்டி ஓட வேண்டும், இல்லையென்றால் பேச்சு முடிந்தது.

புதன்கிழமை எஞ்சின் உயிர் பெற்றது. புகையில் பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அன்றிரவு அம்மா அப்பாவிடம், "இனி அவன் மேலயே இருந்துக்கிருவான். நல்ல நாளு பெரிய நாளுக்கு வந்தா உண்டு" என்று சொல்வது என் காதில் விழுந்தது. அதுவரை அந்த ஜீப்பு எங்களுக்காகத்தான் உயிர் பெறுகிறது என்று நம்பியிருந்தேன்.

யாரும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாதென்று மாமா ரோட்டரைக் கழற்றி வைத்திருந்தார். தீப்பொறியை நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டுத் தரும் கட்டைவிரல் அளவுத் துண்டு அது. ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையில் இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனபோது அதை எடுத்து, வாய் திறந்திருந்த ஏலக்காய் மூட்டை ஒன்றில் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன். மூட்டைகள் ஏலத்துக்குப் போக ஒரு வாரம் இருந்தது. வெள்ளி கழியட்டும், சனிக்கிழமை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கிட்டங்கி காலியாகக் கிடந்தது. விலை ஏறியிருக்கிறதென்று அப்பா அன்றைக்கே மூட்டைகளைத் தைத்து அனுப்பிவிட்டார்.

மாமா தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார். "மாப்ளே, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், வெரசாப் பாருடா" என்றார். நானும் அவர் பக்கத்தில் முழங்காலிட்டுத் தேடினேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன், சந்துக்குள் கைவிட்டேன். அப்போது சொல்லியிருந்தால் மூட்டை போன இடத்துக்கு மாமா ஓடியிருப்பார். அடி விழும் என்ற பயத்தைவிட, அது கிடைத்துவிடும் என்ற பயம் எனக்குப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். மாமா அவரை நிற்கவைத்துக்கொண்டு, வேறொரு வண்டியின் ரோட்டரைச் சீவிச் சீவிப் பொருத்திப் பார்த்தார். ஜீப்பு ஒருமுறை தும்மிவிட்டு அடங்கியது.

"முந்தாநேத்து ஓடுச்சுங்க. இந்தப் பொம்பளையாளுகளக் கேளுங்க" என்றார் மாமா.

கேலி செய்தே பழகிய பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, "ஓடுச்சய்யா, எங்க கண்ணால பாத்தோம்" என்றார்கள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஓடியிருக்கும், இல்லேங்கல. வெரலத்தண்டி சாமானப் பத்தரமா வச்சுக்கத் தெரியாத ஆளு, எம்மகள எப்படிப்பா வச்சுக் காப்பாத்துவ?"

 அதைத் தொலைத்தது தான்தான் என்றே மாமா நம்பினார். மதுரையிலிருந்து புது ரோட்டர் வந்து சேர மூன்று வாரமாயிற்று. அதற்குள் தேவாரத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது.

மாமா எங்களுடனேயே இருந்தார். நான் நினைத்தபடியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். தெருப் பையன்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவார். கீழே ஏலச்செடிகளுக்கு நடுவில் தகரக்கூரை போட்ட வீடு ஒன்று தெரியும். அதன் முற்றத்தில் சில நாள் துணி காயும். பல நாள் ஒன்றும் இருக்காது. மாமா ஒரு பீடி முடியும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்குப் பொறுக்காது. ஹாரனை அமுக்குவேன். "போகலாம் மாமா!"

"இருடா மாப்ளே" என்பார். எஞ்சின் சூடு ஆறுவதற்காக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நான் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.