பூஜையில் வைத்த பூட்ஸ்

நாங்கள் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருந்தபோது, எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வருடம் ஜெர்மன் அக்கா ஒருவர் தங்கியிருந்தார். ஹூஸ்டனில் ஒரு பெண்கள் கால்பந்துக் குழுவில் ஆட வந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அங்குள்ள குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது உண்டு.

அவர் நடுக்கள ஆட்டக்காரர். கோல் போடுகிறவருக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தன் வேலை என்று, உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் சாப்பாட்டு மேசையில் நகர்த்தி எனக்கு விளக்கியிருக்கிறார். ஆனால் வந்த இரண்டாம் வாரமே முழங்காலில் அடிபட்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. பிறகு பல மாதம் எங்கள் மாடிப்படிதான் அவருக்கு மைதானம்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் சீசனின் கடைசி ஆட்டம். அதில் அவரை இறக்குவதாகக் கோச் சொல்லியிருந்தார். அன்றும் முழங்கால் தாங்காவிட்டால் அவர் ஆட்டத்தையே விட வேண்டியதுதான் என்று அப்பா பேசியது என் காதில் விழுந்திருந்தது.

காலையில் அம்மா, "அவங்கவங்க எத வெச்சு வேலை பண்றீங்களோ, அதைக் கொண்டாந்து வைங்க. நாளைக்குக் காலை வரைக்கும் தொடக் கூடாது" என்றார். அப்பா லேப்டாப்பை வைத்தார். நான் கணக்குப் புத்தகத்தை மிகுந்த பக்தியோடு வைத்தேன். அக்காவுக்கு ஒன்றுமே இல்லையே என்று பட்டது. கராஜுக்குப் போய் அவருடைய பூட்ஸை எடுத்து, மண்ணைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பட்டுத் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அக்கா கராஜைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் காலுக்கென்று டாக்டர் அளவெடுத்துக் கொடுத்த இன்சோல் என்ற உள்மெத்தை அந்த பூட்ஸுக்குள்தான் இருந்தது. வேறு எதையும் போட்டுக்கொண்டு ஆட முடியாது.

"என் பூட்ஸ் பாத்தியா, தம்பி?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அடிக்குப் பயந்து மட்டுமல்ல. விடிவதற்குள் எடுத்தால் அவருக்கு ஆட்டமே மறந்துபோகும் என்று நம்பினேன். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் தாங்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு ரிச்சர்ட்சன் ஊரிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், குதித்தார். "செருப்பைக் கொண்டுபோய் சாமி கிட்ட வெச்சிருக்கான்! இப்ப வெச்சத வேற எடுக்கணுமா?"

"அண்ணா, இது செருப்புன்னா இங்க இருக்கவே கூடாது, எடுக்கணும். ஆயுதம்னா, அவ சண்டைக்குக் கெளம்பிட்டா, அப்பவும் எடுக்கணும். நீங்க கார் கீயை எடுங்க."

மாமா காரை எடுத்தார்.

கடைசிப் பத்து நிமிடம் அக்காவை இறக்கினார்கள். கோல் போடவில்லை. நடுவில் நின்று பந்தை வாங்கி வாங்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார், முழங்கால் தாங்கியது, அவ்வளவுதான். எங்கள் குழு தோற்றது. ஆட்டம் முடிந்ததும் புல்லில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எல்லாம் நான் செய்த வினை என்று நினைத்தேன். அம்மா மட்டும் ஏனோ அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு இறங்கி வந்த அக்கா, மண்ணும் குங்குமமும் கலந்திருந்த அந்த பூட்ஸைத் தானே பூஜையில் வைத்தார். மாமா அப்பாவின் லேப்டாப்பை நகர்த்தி இடம் விட்டார்.

அதன் பிறகு அக்கா ஜெர்மனியில் பல வருடம் ஆடினார். நான் இன்று ஏசி ரிப்பேர் செய்யும் டூல் பேக்கை அதே மாதிரி பூஜையில் வைக்கிறேன்.

முந்தின நாள் தோற்ற ஆட்டத்தைத் திருப்பிக் கேட்கத்தான் அவர் பூட்ஸோடு வந்திருக்கிறார் என்று அன்று நான் நினைத்தேன். அந்த வயதில் எனக்குச் சாமியிடம் கேட்க மட்டும்தான் தெரியும்.